யானையின் துதிக்கையை எடுத்தது யார்?

— ஆக, ஒட்டகத்தைப் பத்தி நான் எழுதிக் குடுத்தது இதுதான்னு சொல்றே, தாவீது?

— நீங்க இன்னா எழுதினீங்களோ அதைத்தான் மொதலாளி நான் அடுக்கினேன். ஒட்டகம்னா ஒட்டகம். எனக்கும் அதுக்கும் இன்னா தகராறு?

— பிடி புத்தகத்தை. பதிமூணாம் பக்கம். உன் வாயாலேயே படி. உரக்கப் படி. அங்கே மூலையில தாள் மடிக்கிற அம்சா காதுலேயும் விழட்டும்.

— "ஒட்டகம்: பாலைவனத்தில் வாழும் விலங்கு. பல நாள் தண்ணீர் இன்றி உழைக்கும். ஆகவே முதலாளிகளுக்கு மிகவும் உகந்தது."

— ம். அப்புறம்?

— அவ்ளோதான் மொதலாளி. அடுத்தது மின்விசிறி.

— அந்தக் கடைசி வரி யாருது?

— உங்களுதுதானே? "ஆகவே"ன்னு தொடங்குதே. நீங்கதான் மூச்சுக்கு மூச்சு ஆக, ஆகன்னு...

— தாவீது!

— இல்ல மொதலாளி, நல்லாத்தானே இருக்குதுன்னு சொல்ல வந்தேன்.

— நல்லா இருக்குதா? தலைமை ஆசிரியர் தணிகாசலத்துக்கும் நல்லாத்தான் இருந்துது. காந்தி ரோட்டுல, பட்டுக்கடை வாசல்ல, பத்துப் பேருக்கு நடுவுல என்னை நிறுத்தி வெச்சுப் படிச்சுக் காட்டறார். கடைக்குப் புடவை எடுக்க வந்த பொம்பளைங்க எல்லாம் திரும்பிப் பார்க்கறாங்க. இருபது வருஷமா நான் துண்டு துண்டாச் சேர்த்து வெச்ச அறிவு அது! "பொது அறிவுக் கதம்பம்." பதினாறு பக்கம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவுல ஐந்நூறு பிள்ளைங்க கையில போகப் போற புத்தகம்!

— போயிடுச்சா மொதலாளி?

— அதுதான் போகலையே! கட்டைப் பிரிச்சு முதல் புத்தகத்தைப் பார்த்தவுடனே நிறுத்திட்டார். மின்விசிறியைப் படி.

— "மின்விசிறி: மின்சாரத்தால் சுழன்று காற்றுத் தரும் கருவி. எல்லோருக்கும் பொதுவானது அன்று."

— மேலே பார்க்காதே! என் நாற்காலிக்கு மேல விசிறி சுத்தறது ஊருக்கே தெரியணுமா?

— ஊருக்குத் தெரியாது மொதலாளி. எங்க முதுகுக்குத்தான் தெரியும்.

— வாய் நீளுது உனக்கு. சரி, ஈயம். அதையும் படி.

— "ஈயம்: கனமான உலோகம். அச்செழுத்து வார்க்கப் பயன்படும். பாத்திரத்தில் பூசினால் நன்மை. விரலில் பூசினால் வேதனை." ...இதுல பொய் ஒண்ணும் இல்லையே மொதலாளி. என் கையைப் பாருங்க, நகத்துக்கு அடியில எல்லாம் கறுத்துப் போயிருக்குது.

— பொய்யா மெய்யான்னு நான் கேட்கலை. யாருதுன்னு கேட்கறேன். நான் எழுதினது "பயன்படும்" வரைக்கும்தான். என் பேரைப் போட்ட புத்தகத்துல என் முதுகுக்குப் பின்னால உட்கார்ந்து யாரோ எழுதியிருக்காங்க. ஆக, அது யாருன்னு பொழுது சாயறதுக்குள்ள நான் தணிகாசலத்துக்கிட்ட போய்ச் சொல்லணும்.

— சொல்லலைன்னா?

— அரையாண்டுத் தேர்வுக் கேள்வித்தாள் வேற அச்சகத்துக்குப் போயிடும்னுட்டார். "உம்ம அச்சகத்துல இப்படி விஷமம் பண்ற ஆள் ஒருத்தன் இருக்கானே, அவன் கையில என் கேள்வித்தாளைக் குடுத்துட்டு நான் எப்படித் தூங்கறது?"ன்னு கேட்கறார். கேள்வித்தாள் போனா இந்த அச்சகத்துல என்ன இருக்குது? கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும்தான்.

— நியாயந்தான் மொதலாளி. ஆனா என்னை ஏன் பார்க்கறீங்க?

— வேற யாரைப் பார்க்கறது? இங்கே இருக்கறது நாலு பேர். மிஷின் மிதிக்கிற பழனிக்கு மசி தெரியும், எழுத்து தெரியாது. எழுத்துக் கழுவித் தாள் மடிக்கிற அம்சாவுக்கு அதுவும் தெரியாது. கேள்வித்தாள் அடிக்கிற எடத்துல படிக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கக் கூடாதுன்னு தேடித் தேடித்தானே ரெண்டு பேரையும் வெச்சேன்? மிச்சம் யாரு? நீயும் நானும்.

— அப்ப நீங்க எழுதியிருக்கலாம் இல்ல?

— டேய்!

— சும்மா ஒரு கணக்குக்குச் சொன்னேன் மொதலாளி. கோவிச்சுக்காதீங்க.

— அய்ய, தாவீதண்ணே, ஐயாவை ஏன் இப்பிடிப் பேசறே? அவரு மூஞ்சி செவந்துபோச்சு பாரு.

— நீ கேட்டுக்கினுதான் இருக்கியா அம்சா? இங்க என் கழுத்துக்குக் கத்தி வந்திருக்குது, நீ மடிச்சுக்கினே இரு.

— மடிக்கிறதை நிறுத்திட்டு வா இப்படி, அம்சா. உன்னையும் சோதிச்சுட்டா என் மனசுல ஒண்ணும் இருக்காது. இதோ, இந்தப் பக்கத்தைப் பார். இதுல என்ன போட்டிருக்குது?

— ஐயா...

— மழுப்பாதே. சொல்லு.

— ஒட்டகம் மல்லாந்து கெடக்குது ஐயா.

— என்ன?

— படம் தலைகீழா இருக்குது. கால் நாலும் வானத்தைப் பார்த்துக்கினு இருக்குது.

— ...வேணும்னேதான் அப்படிப் பிடிச்சேன். படிக்கத் தெரிஞ்சவளா இருந்தா உன் கை தானாத் தாளைத் திருப்பும். அதுக்குத்தான்.

— ஒட்டகத்துக்குக் கால் கீழதான் இருக்கும்னு படிக்காதவளுக்கும் தெரியுமே ஐயா.

— எழுத்தைச் சொல்லு! இந்த எழுத்து என்ன?

— காமாட்சி அம்மன் மேல ஆணையாச் சொல்றேன், இந்தக் காயிதத்துல இருக்கற ஒரு எழுத்தும் எனக்கு வெளங்காது. ஏதோ எறும்பு போற மாதிரி இருக்குது.

— கேட்டியா தாவீது? அம்மன் மேல ஆணை வெச்சுட்டா. ஆக, நீதான்.

— மொதலாளி, ஒரு நிமிஷம். நான் இல்லன்னு சொல்றதுக்கு எங்கிட்ட சாட்சி இருக்குது. பதினஞ்சாம் பக்கத்துல யானை இருக்குது, பார்த்தீங்களா?

— தணிகாசலம் அதைத்தான் மூணு தரம் படிச்சுச் சிரிச்சார். "கோயில் யானைக்கெல்லாம் துதிக்கை இருக்குது, மாணிக்கவாசகம் யானைக்கு மட்டும் இல்லையே"ன்னார். கடைக்காரன் கல்லாவுல தலையை வெச்சுக்கிட்டுச் சிரிக்கறான். எனக்கு அது என்னன்னே அப்பப் புரியலை.

— அதான். "யானை"ன்னு வரணும். "யான"ன்னு இருக்குது. னை போடறதுக்கு, முன்னால துதிக்கை மாதிரி சுழி வெச்ச எழுத்து ஒண்ணு தனியா வார்த்திருக்குது இல்ல? அந்த எழுத்தை யாரோ யானைக்கிட்ட இருந்து புடுங்கிட்டாங்க. புடுங்கின எடத்துல சாதா "ன" ஒண்ணைச் சொருகிட்டாங்க.

— எதுக்குப் புடுங்கணும்?

— இதோ, ஈயத்துல "வேதனை"ன்னு வருது பாருங்க. அதுக்கு. பெட்டியில னை ஒண்ணுகூடக் கெடையாது மொதலாளி. பட்டுக்கடை நோட்டீஸ் அடுக்கினேனே, "விற்பனை, விற்பனை, மாபெரும் விற்பனை"ன்னு, இருந்ததெல்லாம் அதுல போய் மாட்டிக்கினு இருக்குது. இப்ப நானா இருந்தா இன்னா பண்ணியிருப்பேன்? நோட்டீஸ்ல பதினோரு விற்பனை இருக்குது, அதுல ஒண்ணை உருவியிருப்பேன். பதினொண்ணு பத்தானா எவனுக்குத் தெரியும்? எழுத்து தெரிஞ்ச எவனாவது யானையோட துதிக்கையை அறுப்பானா? இது தொழில் தெரிஞ்சவன் வேலை இல்ல. அவசரமா, பயந்துக்கினே, கிட்ட இருந்ததை எடுத்த கை.

— நல்லாத்தான் பேசறே. ஆனா எழுத்து தெரிஞ்ச கை உன்னுது ஒண்ணுதான். பழனி யானையையும் பூனையையும் எழுத்துல கண்டானா? கேள். திங்கக்கிழமை நீ கடைசி நாலு பக்கத்து எழுத்தையும் கல்லு மேல வெச்சுச் சட்டத்துல முடுக்கினே.

— முடுக்கினேன்.

— செவ்வாய்க்கிழமை உன் மகள் லில்லிக்கு நிச்சயம்னு அரக்கோணம் போயிட்டே.

— போனேன்.

— அன்னைக்கு மத்தியானம் பழனி பிழை பார்க்கப் புரூப் எடுத்துக் குடுத்தான். நான் எழுத்து எழுத்தாப் படிச்சேன். சுத்தமா இருந்துது. பச்சை மசியில கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். புதன்கிழமை விடியக்காலம், எல்லாருக்கும் முன்னால யார் வந்தது?

— நான்தான்.

— மிஷின்ல ஏறினதும் அதுக்கப்புறம்தான். ஆக?

— ஆக, நான் இல்ல மொதலாளி. கர்த்தர் மேல ஆணை.

— ஆளாளுக்கு ஒரு சாமியைக் கூப்பிட்டா நான் யார் பேச்சை நம்பறது? இங்கே பார் தாவீது. பதினாலு வருஷம் வேலை செஞ்சிருக்கே. உன் கை மேல எனக்குக் குறை இல்லை. ஆனா கேள்வித்தாள் போனா நாலு பேர் வயிறும் போச்சு. ஒருத்தன் போனா மூணு பேர் பிழைப்போம். கையில இருக்கற எழுத்துக் கோக்கற ஸ்டிக்கைக் கீழே வெச்சுட்டுக் கிளம்பு.

— மொதலாளி, தை மாசம் கல்யாணம் வெச்சிருக்குது.

— தெரியும்.

— மாப்பிள்ளை வூட்டுக்காரங்க அந்த ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காங்க, "பொண்ணோட அப்பன் அச்சாபீஸ்ல எழுத்து கோக்கறவரு"ன்னு. எங்க வம்சத்துலயே மொத மொத எழுத்தைத் தொட்டவன் நான். முப்பது வயசுல கத்துக்கினேன். நாளைக்குப் போய் அவங்ககிட்ட இன்னான்னு சொல்றது? ஒட்டகத்தால வேலை போச்சுன்னா?

— அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? ஸ்டிக்கை வை.

— இந்தாங்க. வெச்சுட்டேன்.

— எடு அண்ணே.

— நீ பேசாம இரு அம்சா.

— எடுன்றேன் இல்ல? அதை எடுத்துக் கையில வெச்சுக்கோ. ஐயா, அந்த வரியெல்லாம் நான் வெச்சது.

— என்னது?

— ஒட்டகம், விசிறி, ஈயம், எல்லாம் நான்தான். யானையும் நான்தான். அந்தப் பாவமும் என்னுதுதான்.

— அம்சா, உனக்கு மூளை கலங்கிப் போச்சா? தாவீதைக் காப்பாத்தறதுக்கு இப்படி ஒரு பொய்யா? இப்பத்தானே அம்மன் மேல ஆணை வெச்சே?

— அது பொய் ஆணை இல்ல ஐயா. காயிதத்துல இருக்கறது எனக்கு வெளங்காது. ஈயத்துல இருந்தா வெளங்கும்.

— நீ என்ன சொல்றே?

— தாவீதண்ணனுக்குத் தோள்பட்டை வலி இல்ல? அடிச்சு முடிச்ச எழுத்தையெல்லாம் பெட்டியில திருப்பிப் பிரிச்சுப் போடற வேலையை மூணு வருஷமா நான்தான் செய்றேன். அண்ணன் உங்ககிட்டச் சொல்லலை, நானும் சொல்லலை. எந்த எழுத்துக்கு எந்தக் குழின்னு கை கத்துக்கிச்சு. அப்புறம் அண்ணன் அடுக்கும்போது வாய் சும்மா இருக்காது. "கா... ஞ்... சி..."ன்னு முணுமுணுத்துக்கினே இருப்பாரு. காஞ்சின்னு சொல்லும்போது கை எந்தக் குழிக்குப் போவுதுன்னு பார்ப்பேன். ஒரு மழைக்காலம் பூரா பார்த்தேன். ஒருநாள் கழுவிக்கினே இருக்கறேன், கல்லு மேல இருந்தது "கருவாடு"ன்னு வாயில வந்துடுச்சு. பயந்து பிரஷ்ஷைக் கீழ போட்டுட்டேன்.

— கர்த்தரே! நான் முணுமுணுக்கறேனா?

— கோயில் மணியே தேவலாம்ணே.

— நம்ப மாட்டேன். காகிதத்துல தெரியாதது ஈயத்துல மட்டும் எப்படித் தெரியும்?

— ஈயத்துல இருக்கறதுதான் ஐயா எனக்கு நேரு. நீங்க அதைக் கண்ணாடியில பார்த்த மாதிரி இருக்குதுன்னு சொல்வீங்க. எனக்குக் காயிதத்துல போனதும் எல்லா எழுத்தும் மூஞ்சியைத் திருப்பிக்கினு நிக்குது. தெரிஞ்சவன் தெருவுல பார்க்காத மாதிரி போறான் இல்ல, அதும்மாதிரி.

— கல்லு மேல என்ன இருக்குது தாவீது?

— பட்டுக்கடை நோட்டீஸ்தான் மொதலாளி. இன்னும் மிஷின்ல ஏத்தலை.

— ஆக, படி அம்சா. நானும் பார்க்கறேன் இந்த அதிசயத்தை. தாவீது, தப்பாப் படிச்சா உடனே சொல்லு.

— "மாபெரும் விற்பனை. பொங்கல் திருநாளை முன்னிட்டு அசல் பட்டு, கரையும் முந்தியும் கோர்வை போட்டது, கூரைப் புடவைகள்..." அண்ணே, இது இன்னா?

— ஏன், இன்னா?

— கூரைன்னு அடுக்கி வெச்சிருக்கே. கல்யாணப் பொண்ணு கட்டறது கூறை. இந்தப் பொடவையை வூட்டு மேலதான் போத்தணும்.

— ...மொதலாளி, அவ சொல்றது சரி. வல்லினம் வரணும். நான் கவனிக்கலை.

— அவ கவனிச்சுட்டாளே! மூணு வருஷம்! ஐயையோ, மூணு வருஷம்! அரையாண்டு, முழு ஆண்டு, ஆறாவது, ஏழாவது, எட்டாவது, எல்லாக் கேள்வித்தாள் ஈயத்தையும் நீதானே கழுவினே? எல்லாத்தையும் படிச்சியா?

— கழுவறப்போ கண்ணை மூடிக்கினா கழுவ முடியும் ஐயா? படிச்சேன்.

— தணிகாசலம் பயந்தது சரிதான். கேள்வியை எத்தனை பேருக்கு வித்தே?

— என் பொண்ணு தேவகி அந்தப் பள்ளிக்கூடத்துலதான் ஏழாவது படிக்கறா. சமூகப் பாடத்துல எத்தினி வாங்கினா தெரியுமா? நூத்துக்குப் பதினொண்ணு.

— அதுக்கு?

— ஈயத்துல படிச்ச கேள்வியெல்லாம் ரெண்டு நாளு என் மனசுல இருந்துது ஐயா. வூட்டுல அவ எதிர்ல உட்கார்ந்துக்கினு வேற எதையோ மனப்பாடம் பண்றா. அது வராதுடி, ஆறாவது பாடத்தைப் படின்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. எழுந்து போய்ப் பானைத் தண்ணி குடிச்சுட்டு வந்து படுத்துட்டேன். வித்தவளா இருந்தா அந்தப் பதினொண்ணு நூறாயிருக்காதா? தலைமை ஆசிரியர்கிட்டயே கேளுங்க, மார்க்கு அவர்கிட்டதான் இருக்குது.

— ...பதினொண்ணா?

— அதுலயும் ரெண்டு மார்க்கு கையெழுத்துக்குப் போட்டதாம்.

— சிரிக்காதே தாவீது. இது சிரிக்கற விஷயம் இல்லை. சரி அம்சா, அவ்வளவு நாணயமா இருந்தவ என் புத்தகத்துல மட்டும் ஏன் கை வெச்சே?

— பத்தி முடியற எடத்துல பாதி வரி காலியா இருந்துது ஐயா. எழுத்தில்லாத மொட்டைக் கட்டையாப் போட்டு அடைச்சிருந்தாரு அண்ணன். வெறும் எடமாத்தானே இருக்குது, நம்ம ஒண்ணு வெச்சா இன்னான்னு தோணுச்சு. மொதல்ல ஒட்டகத்துக்குத்தான் வெச்சேன். வெச்சுட்டு எனக்கே சிரிப்பு. ஒண்ணு வெச்சா நிக்குமா? முறுக்கு மாதிரி அடுத்தது கேக்குது.

— முறுக்கா! என் இருபது வருஷ உழைப்பு உனக்கு முறுக்கா!

— நீங்க எழுதினதுல குத்தம் இல்ல ஐயா. ஆனா ஏரின்னு ஒண்ணு எழுதியிருந்தீங்க பாருங்க. "மழைநீரைத் தேக்கி வைக்கும் இடம்." அவ்ளோதான். நான் தாமல் கிராமத்துல பொறந்தவ. எங்கப்பன் ஏரிக்கரை உடைஞ்சப்போ ராவும் பகலும் மண்ணு சொமந்தவன். அவ்ளோதானா ஏரின்னு இருந்துது. அதனால ஒரு வரி வெச்சேன்.

— அதை நான் இன்னும் பார்க்கலையே. இன்னாம்மா வெச்சே?

— நீயே படிண்ணே, பதினாறாம் பக்கம். எனக்குத்தான் காயிதத்துல தெரியாதே.

— "ஏரி: மழைநீரைத் தேக்கி வைக்கும் இடம். கரைக்கு மண் சுமந்தவருக்கு அதன் கீழ் நிலம் இராது." ...அம்சா!

— சரியா இருக்குதா? புள்ளியெல்லாம் வெச்சேனா?

— வெச்சிருக்கேம்மா.

— கீழே நிலா இருக்குது தாவீது. அதையும் படிச்சுடு. தணிகாசலம் சிரிச்சுக்கிட்டே வந்தவர் அங்கே மட்டும் சிரிக்கலை. புத்தகத்தை மூடிட்டார்.

— "நிலா: பூமியின் துணைக்கோள். 1969ஆம் ஆண்டு மனிதன் அதில் கால் வைத்தான். நீ எந்தத் தெரு என்று அங்கே அவனிடம் யாரும் கேட்கவில்லை."

— ஐயா, திட்டுங்க.

— நல்ல வரிதான். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். என் வரியா இருந்திருக்கலாம். ஆனா என் வரி இல்லை.

— பொது அறிவுன்னு பேர் வெச்சீங்க. பொதுன்னா எல்லாருக்கும்தானேன்னு நெனச்சுட்டேன்.

— நெனைப்பே, நெனைப்பே! ஆக, ரெண்டு பேரும் கிளம்புங்க.

— ரெண்டு பேருமா? மொதலாளி, அவதான் ஒத்துக்கினாளே, நான் இன்னா பண்ணேன்?

— எழுத்துப் பெட்டியை அவகிட்ட விட்டது யாரு? தோள்வலின்னு மூணு வருஷம் எனக்குத் தெரியாம மறைச்சது யாரு? இவளுக்குப் படிக்கத் தெரியும்னு ஆன பிறகு இங்கே வெச்சுக்க முடியாது. உன்னை நம்பவும் முடியாது. தணிகாசலத்துக்கிட்ட ரெண்டு தலையா எடுத்துட்டேன்னு சொல்லிடறேன்.

— ஐயா, என்னை அனுப்புங்க, சரி. களை எடுக்கப் போறேன், கரும்பு வெட்டப் போறேன். அண்ணனை அனுப்பாதீங்க. அவரு புதன்கிழமை வந்து ஒண்ணும் பண்ணலை. நான் செவ்வாக்கெழமை காலையிலயே வெச்சுட்டேன்.

— செவ்வாய்க்கிழமை காலையிலயா?

— ஆமா. அண்ணன் அரக்கோணத்துல இருந்தாரு. பழனி புரூப் எடுக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் கல்லு மேல ஏறிடுச்சு. ஐயா கண்ணுல எப்படியும் படும், கோவமாக் கோடு போட்டு அடிச்சுடுவாரு, இல்லன்னா சிரிச்சுட்டு அடிச்சுடுவாருன்னுதான் வெச்சேன். புத்தகத்துல போவும்னு கனவுல கூட நெனைக்கலை. நீங்க இன்னான்னா ஒண்ணும் சொல்லாம கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டீங்க. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலை. ஐயாவுக்குப் புடிச்சுப் போச்சு போலன்னு சந்தோஷத்துல.

— பொய்! அந்தப் புரூப்ல ஒரு வரி கூடுதலா இல்லை. எழுத்து எழுத்தாப் படிச்சவன் நான். முப்பத்தஞ்சு வருஷமாப் படிக்கறவன். ஆக, இவனைக் காப்பாத்த நாளை மாத்திச் சொல்றே.

— புரூப் தாளு ஆணியிலதான் ஐயா குத்தி இருக்குது.

— இருக்கட்டுமே.

— எடுத்துக்கினு வரட்டுமா? அதுல என் வரி இருந்தா அண்ணன் மேல தப்பு இல்ல. இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் வாயைத் தொறக்காம போயிடறோம்.

— ...எடுத்துக்கிட்டு வா. எனக்கென்ன பயம்?

— இந்தாங்க ஐயா.

— அம்சா, அது...

— நீ சும்மா இருண்ணே. ஐயா, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. ஜன்னல் பக்கம் வேணும்னா வெச்சுக்கினு பாருங்க.

— ஜன்னல் எதுக்கு? இதோ. ஒட்டகம். "பாலைவனத்தில் வாழும் விலங்கு. பல நாள் தண்ணீர் இன்றி உழைக்கும்." முற்றுப்புள்ளி. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. நிலா, "கால் வைத்தான்", முற்றுப்புள்ளி. ஏரியும் சுத்தம். கீழே என் பச்சை மசிக் கையெழுத்து. போதுமா? இப்ப என்ன சொல்றே?

— ஐயா, நான் உங்க கையில குடுத்தது அச்சே ஏறாத வெள்ளைத்தாளு. எத்தினி நாளா உங்க கண்ணு இப்பிடி?